காபுரேற்றரைக் கழுவும் ஒலிப்பெட்டி

1990களில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு நீர் இறைக்கும் இயந்திரத்தை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டதை நாம் மறக்கவில்லை. ஓடாமல் கிடந்த காலத்தில் பழைய எரிபொருள் இறுகியதால் வந்த பிசின், காபுரேற்றரின் ஊசித்துளைகளை அடைத்துவிடும். காணி விடுபட்டு ஊர் திரும்பும் குடும்பத்துக்கு முதல் தேவை தண்ணீர். இயந்திரம் இயங்காவிட்டால் தோட்டம் இல்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருக்கும் நம்மவர் உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போவது வழக்கம். புதிதாக வாங்குமுன், இருப்பதைக் கழுவிப் பார்ப்போம். துளையைக் கம்பியால் குத்தக்கூடாது. துளை பெருத்தால் இயந்திரம் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். இங்கேதான் ஒலிப்பெட்டி உதவுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

நம் காது விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இப்பெட்டிகளில் பல 40,000 தடவை அதிர்கின்றன. அப்போது நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. அந்த உடைவு, தூரிகை எட்டாத துளையிலும் அழுக்கைப் பெயர்க்கிறது.

வாங்கும்போது

1. உங்கள் காபுரேற்றரைக் கையோடு கொண்டுபோங்கள். அது கூடையில் வைத்தபடி நீரில் முழுதாக அமிழவேண்டும்.
2. சூடாக்கியின் வலுவையும் சேர்த்துச் சொல்வார்கள். ஒலியின் வலு எத்தனை வாற்று என்று தனியே கேளுங்கள்.
3. மெல்லிய அலுமினியத் தாளை ஓடும் பெட்டியின் நீரில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பல இடங்களில் பொத்தல் விழுந்தால் பெட்டி நல்லது.

பாவிக்கும்போது

1. இறப்பர் வளையம், பிளாஸ்ரிக் மிதவை, கஸ்கற் யாவையும் கழற்றுங்கள். தடித்த கிறீஸை முதலில் துடையுங்கள்.
2. நீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள். காபுரேற்றர் மென்மையான உலோகம். கோஸ்ரிக் சோடா அதை அரிக்கும்.
3. கரைந்த காற்று வெளியேற, வெறுமனே ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.
4. பாகத்தைக் கூடையில் வைத்துப் பத்து நிமிடம் கழுவிப் பாருங்கள். போதாவிட்டால் மீண்டும் கழுவுங்கள்.
5. நல்ல நீரில் அலசி, துளைகளில் காற்றடித்து உலர்த்துங்கள். இரும்புப் பாகத்துக்கு உடனே எண்ணெய் பூசுங்கள்.

கவனம்!

பெட்டிக்குள் பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் ஒருபோதும் ஊற்றவேண்டாம், தீப்பிடிக்கும். வாடகை அறையில் அது பல குடும்பங்களின் உயிருக்கு ஆபத்து. நீரின்றி ஓடவிட்டால் பெட்டி பழுதாகும். ஓடும்போது கையை விடாதீர்கள். நில இணைப்புள்ள செருகியில் மாத்திரம் பூட்டுங்கள். அழுக்கு நீரைக் கிணற்றருகே ஊற்றாதீர்கள்.

தேய்ந்த பாகத்தை இப்பெட்டி புதிதாக்காது. அடைப்பை நீக்குவதே இதன் வேலை. ஆண்டுக்கு ஓரிரு தடவை கழுவ ஒரு குடும்பம் தனியே வாங்குவது வீண்செலவு. சீட்டுப் பிடித்துப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். அல்லது பெட்டி உள்ள கராச்சில் கூலி கொடுத்துக் கழுவலாம்.

கூடிப் பேசுவோம்

1. நம்மிடம் ஓடாமல் கிடக்கும் இயந்திரங்கள் எத்தனை?
2. பொதுவாக வாங்கினால் பெட்டிக்கு யார் பொறுப்பு?