குரூஸ் கப்பலுக்குப் பெட்டி கட்டுமுன்

எல்லாக் கப்பலிலும் கோட்டும் டையும் கட்டாயம் என்ற காலம் போய்விட்டது. நார்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சாதாரண பேன்ட், சட்டையே போதும். குனார்டின் குவீன் மேரி 2 அப்படியல்ல. காலா இரவுகளில் முழு அலங்காரம் எதிர்பார்ப்பார்கள். தேசிய உடைக்கு அங்கே இடமுண்டு என்பதால் பெண்களுக்குப் பட்டுப்புடவை தாராளமாகப் போதும், கவுன் தேடி அலையாதீர்கள். அலங்காரம் பிடிக்காதவர்கள் அன்று பஃபே பக்கம் போய்விடலாம். வர்ஜின் வாயேஜஸ் என்றால் ‘ஸ்கார்லெட் நைட்’ விருந்துக்குச் சிவப்பில் ஏதாவது ஒன்று வேண்டும். நீச்சல் உடையும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்; பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். தீ பயத்தால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.