வெயில் வகுக்கும் வழி: ஒரு நாளில் தில்லி



கேமராவோடு ஒரே பகலில் தில்லியைப் பார்க்க விரும்புகிறவர், புறப்படுமுன் எந்தக் கட்டடம் எந்தத் திசை நோக்கி நிற்கிறது, அதன் முகத்தில் வெயில் எப்போது விழுகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. பத்துப் பன்னிரண்டு இடங்களின் பட்டியலோடு ஓடுபவருக்கு எங்கும் கிடைக்கும் அஞ்சலட்டைப் படங்களே மிஞ்சுகின்றன. திசையறிந்து நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்பவருக்கோ, அவை ஏன் அவ்வாறு கட்டப்பட்டன என்பதும் சேர்ந்தே விளங்கும்.

காலை, ஜாமா மஸ்ஜிதுக்கு உரியது. ஷாஜஹான் காலத்தில் 1656இல் முடிக்கப்பெற்ற இப்பள்ளிவாசலில், மக்காவை நோக்கித் தொழும்பொருட்டு மேற்கில் அமைக்கப்பட்ட தொழுகைக்கூடம் கிழக்கே முற்றத்தைப் பார்த்திருப்பதால், இளவெயில் அதன் வளைவுகளுக்குள் நேராகப் புகுந்து செம்மணற்கல்லை ஒளிரச் செய்கிறது. மாலையில் வருபவருக்கு அதே முகப்பு நிழலில் மங்கித் தெரியும். தொழுகை வேளையில் சுற்றிப்பார்ப்போரை அனுமதிப்பதில்லை.

வெயில் ஏறியதும், நடந்தே எட்டக்கூடிய காரி பாவ்லி மசாலாச் சந்தைக்குள் நுழையலாம். மிளகாய் நெடி மூக்கில் ஏற, வாய் சுருட்டி வைத்த சாக்குகளுக்கு நடுவே மூட்டை ஏற்றிய கைவண்டிகள் விரையும் அவ்விடத்தில், ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி புகும் கால அளவை, 1/30 வினாடியாக நீட்டி வைத்து, வண்டியின் போக்கிலேயே கேமராவையும் திருப்பியபடி எடுத்தால், வண்டி ஓரளவு தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் பதியும். முதல் சில படங்கள் கலங்கிப்போவது இயல்பே. முகத்தை அருகிலிருந்து எடுக்குமுன் கண்ணாலேனும் இசைவு கேட்பதும், சுமையோடு வருபவருக்கு வழிவிடுவதும் படத்தைவிட முக்கியம்.

ஜாமா மஸ்ஜித் நிலையத்தில் மெட்ரோவின் ஊதாத் தடத்தைப் பிடித்து ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் இறங்கி, ஆட்டோவில் ஹுமாயூன் கல்லறைக்குச் செல்லலாம். பார்வையாளர் நுழைவது மேற்கு வாயிலில் என்பதால், காலையில் வருபவரின் கண்ணுக்கெதிரே சூரியன் நிற்க, கட்டடம் வெறும் கருநிழலாகிவிடும். பிற்பகலிலோ மேற்கு முகம் முழுவதும் வெயில் படரும். அதுவரை உள்ளே, ஜாலி எனப்படும் துளையிட்ட கற்பலகைகள் தரையில் இறைக்கும் ஒளிப்புள்ளிகளைப் படமெடுக்கலாம். வெண்பளிங்குக் குவிமாடம் சட்டத்தை நிறைக்கும்போது, காணும் ஒளியையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடும் ஒளியளவி அதை மங்கிய சாம்பலாக்கிவிடுமாதலால், ஒளியளவைக் கையால் சற்றுக் கூட்ட வேண்டும். கைப்பேசியில் குவிமாடத்தைத் தொட்டுச் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் போதும்.

மாலைக்கு உரியது கர்த்தவ்ய பாதை. இந்தியா கேட் கிழக்கிலும் ராய்சினா குன்றின் குடியரசுத் தலைவர் மாளிகை மேற்கிலுமாக இச்சாலை ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடுவதால், மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் சூரியன் மாளிகையின் பின்னாலேயே இறங்குகிறது. குளிர்காலத்தில் வெகுவாக இடப்புறம் ஒதுங்கிவிடும். எனினும் சாலையில் முன்னேறிக் குன்றடியிலுள்ள விஜய் சௌக்கை அடைபவர், மாளிகை ஏறக்குறைய மறைந்து, குவிமாடத்தின் உச்சி மட்டும் எஞ்சியிருக்கக் காண்பார். தலைமைச் செயலகக் கட்டடங்களும் குன்றின் மேலேயே அமைய வேண்டுமென்ற கட்டடக்கலைஞர் ஹெர்பர்ட் பேக்கரின் திட்டத்தால் மாளிகை பின்தள்ளப்பட்டு, சாலையின் ஏற்றம் அதை மறைத்தது. மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் இதைத் தாமதமாக உணர்ந்து எதிர்த்தும் பயனில்லாமல், 1931இல் புது தில்லி இக்குறையோடுதான் திறக்கப்பட்டது. ஆகவே ஒளிப்படக்காரர் விஜய் சௌக்குக்கு வெகு முன்பே சாலையில் நின்று, தொலைவை அருகிழுக்கும் நீள்குவிய லென்ஸால் குவிமாடத்தைப் பிடிப்பதே தகும்.