பெட்டியில் இல்லாத கல்

நிலத்தைத் துளைத்து எடுத்த கல்லை வந்த வரிசையிலேயே அடுக்கி வைக்கிற நீளமான தட்டைப் பெட்டியை நாங்கள் கோர் பாக்ஸ் என்போம். சில ஆழங்களில் கல் வராது. அங்கே மண் இளகலாக இருந்தால், துளைக்குள் விடுகிற தண்ணீரே அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் டிரில்லர் ஒரு மரக்கட்டையை வைத்து, எத்தனையாவது மீட்டரிலிருந்து எத்தனையாவது மீட்டர் வரை கல் இல்லை என்று எழுதிவிடுவார். 34 ஆண்டுகள் சுரங்கங்களில் வேலை பார்த்ததில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தக் கட்டைதான்.

வேலைக்கு வந்த நான்காம் ஆண்டு. ஒரு திறந்தவெளிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். பெட்டியில் ஓர் இடத்தில் 40 சென்டிமீட்டருக்குக் கல் இல்லை. பதிவேட்டில் ‘கோர் லாஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன். டிரில்லருக்கு என் அப்பா வயது. “சார், அந்த எடத்துல பிட்டு அழுத்தாமலே எறங்கிருச்சு. தண்ணியும் வேற கலர்ல வந்துச்சு” என்றார். பிட்டு என்பது துளையிடும் முனை. “சரிண்ணே” என்றேன். அவர் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ஓர் இரவு, பள்ளத்தின் பக்கச்சுவரில் படிபடியாக வெட்டியிருந்த பெஞ்சுகளில் இரண்டு அப்படியே வழுக்கி இறங்கின. ஷிப்ட் மாறுகிற நேரம் என்பதால் கீழே ஆள் இல்லை. ஓர் இயந்திரம் மட்டும் புதைந்தது. விடிந்ததும் அந்தப் பக்கத்து மூன்று துளைகளின் பதிவுகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் கல் வராத இடம் இருந்தது. அவற்றை ஒரு கோட்டால் இணைத்தால் பள்ளத்தை நோக்கிச் சாய்கிற ஒரே களிமண் படிவு. மழைநீர் அதில் ஊறியதும் மேலே இருந்த பாறை சறுக்கிவிட்டது. பெட்டியில் இருந்த அத்தனை கல்லையும் லென்ஸ் வைத்துப் பார்த்தவன் நான். ஆபத்து இருந்ததோ கல் இல்லாத இடத்தில்.

அன்று முதல் துளையிடும் இடத்துக்கே போய் உட்கார ஆரம்பித்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். பிட் எந்த ஆழத்தில் வேகமாக இறங்கியது, திரும்பி வந்த தண்ணீர் என்ன நிறம், தண்ணீர் திரும்பாமலே போன இடம் எது என்று டிரில்லரைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கல் காய்வதற்கு முன் ஈரத்தோடு படம் எடுத்துவிடுங்கள். காய்ந்த களிமண் வெடித்து உருமாறிவிடும். மழை விட்ட மறுநாள் பெஞ்சுகளின் மேல்விளிம்பில் நடந்து பாருங்கள். விரிசல் தெரிந்தால் இருபக்கமும் முளையடித்து, இடைவெளியைத் தினமும் டேப்பால் அளந்து வாருங்கள். விலையுயர்ந்த கருவிகள் இப்போது வந்துவிட்டன, நல்லதுதான். ஆனால் அவற்றை எங்கே வைப்பது என்பதை நடந்து பார்த்த கால்தான் சொல்லும்.

கண்ணுக்குத் தெரியாததற்கு மரியாதை கொடுத்து வேலை செய்வது எப்படி என்று பார்க்க நெய்வேலிக்குப் போகவேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தட்டுப்பட்ட கறுப்புப் பொருள்தான் தொடக்கம். 1956இல் சுரங்க நிறுவனம் உருவானது. சுரங்கம் வெட்டிப் பழுப்பு நிலக்கரியை எட்டியது 1961இல்தான். மேல்மண்ணை அகற்றுவது மட்டுமல்ல அங்கே சிக்கல். நிலக்கரிக்கு அடியில் மணற்படுகையில் அடைபட்ட நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. மேலிருக்கும் பாரத்தை எடுத்துவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு நீர் கிளம்பிவிடும். எனவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேதான் நிலக்கரி வெட்டுகிறார்கள். பம்பு ஓடுகிற சத்தம் எனக்கு அங்கே சுரங்கத்தின் மூச்சாகவே கேட்டது.

திறந்தவெளிச் சுரங்கம் போலன்றி, நிலத்தடிச் சுரங்கத்தில் இல்லாமல் போகிற கல், மனிதனே முன்பு வெட்டி எடுத்த கல். கைவிட்ட பழைய சுரங்கத்தில் நீர் தேங்கிக் கிடக்கும். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்னாலாவில் அப்படித் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 375 பேரைக் கொண்டுபோனது. 1989 நவம்பரில் ராணிகஞ்ச் பகுதியின் மகாபீர் சுரங்கத்திலும் நீர் புகுந்தது. ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் புதிதாகத் துளையிடச் செய்து, அதன் வழியே ஒரு இரும்புக் கூண்டில் தானே இறங்கி, 65 தொழிலாளர்களை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். நிலக்கரிச் சுரங்க விதி, நீர் தேங்கிய பழைய சுரங்க வெட்டுக்கு 60 மீட்டருக்குள் போகுமுன் அனுமதி கேட்கிறது. பழைய வரைபடத்தைக் காட்டி “அது ரொம்பத் தூரம், சார்” என்று யாராவது சொன்னால், அந்த வரைபடம் எப்போது வரைந்தது, அதன் பிறகு எத்தனை மாதம் வெட்டினார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் முன்னால் துளையிட்டுப் பார்க்காமல் ஒரு அடிகூட நகராதீர்கள்.

போன மாதம் ஒரு சுரங்கத்தில் பயிற்சிக்கு வந்த பெண் தன் பதிவேட்டை நீட்டினாள். கல்லின் பெயர், நிறம், சாய்வு எல்லாம் அழகாக இருந்தன. பெட்டியிலிருந்த மரக்கட்டையைக் காட்டி, “இந்த இடத்துல என்னம்மா இருந்துச்சு?” என்றேன். சற்று யோசித்தாள். பிறகு பதிவேட்டை மூடி வைத்துவிட்டு டிரில்லரைத் தேடிக்கொண்டு போனாள்.