வட்டி ஏறினால் வீட்டு விலை இறங்குமா?

பிளவக்கல் அணையில் மதகைத் திறந்ததும் எல்லாக் கண்மாய்க்கும் ஒரே நாளில் தண்ணீர் போய்ச் சேராது. பக்கத்தில் இருப்பது முதலில் நிறையும், கடைசியில் இருப்பதற்கு நாளாகும். ரெப்போ வட்டியும் அப்படித்தான். வங்கிகளுக்குத் தரும் குறுகியகாலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி இது. இது மாறினால் முதலில் மாறுவது உங்கள் வீட்டுக்கடன் வட்டி. வீட்டு விலை மெதுவாகத்தான் அசையும்.

ஒரு சின்னக் கணக்கு

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீடு வாங்க 20 லட்சம் ரூபாய் லோன் போடுகிறீர்கள், 20 வருடத்துக்கு. வட்டி 7 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.15,500. அதுவே 9 சதவீதம் என்றால் சுமார் ரூ.18,000. "என்னால் 15,500 தான் கட்ட முடியும்" என்றால், 9 சதவீதத்தில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 17.2 லட்சம்தான். வாங்குபவர் கையில் கிட்டத்தட்ட 2.8 லட்சம் குறைந்துவிடுகிறது. இப்படிப் பலருக்கும் குறையும்போது, விற்பவர் பேரத்துக்கு இறங்கி வர வேண்டியிருக்கும்.

அப்படியானால் விலை கட்டாயம் இறங்குமா?

இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. ஆனாலும் நாட்டில் வீட்டு விலை பொதுவாக இறங்கவில்லை. வருமானம், மனை இருப்பு, சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் சேர்ந்துதான் விலையை முடிவு செய்கின்றன. அவசரமில்லாத உரிமையாளர் விலையைக் குறைக்காமல் காத்திருக்கவும் செய்வார். வட்டி குறையும்போது நிலைமை தலைகீழ்: தவணை குறையும், வாங்க வருபவர்கள் கூடுவார்கள், விலையும் ஏறலாம். அதனால் வட்டியை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இது கட்டாயமில்லை. எதில் வாங்குகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
* வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பை உங்களுக்குத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மேலே சொன்ன 20 லட்சத்துக்கு, ஆரம்பத்திலேயே 9 சதவீதமாகி, தவணையைக் கூட்டாமல் விட்டால் கணக்குப்படி கடன் 38 வருடத்தைத் தாண்டும்!
* பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கத்தையும் செல்போனிலேயே பாருங்கள்.
* வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரங்களுக்கு 14448.

2 சதவீதம் வட்டி ஏறினாலும் உங்கள் குடும்பத்தால் தவணை கட்ட முடியுமா? முடியும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.