பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் முன்

முதுமையடைந்த பெற்றோரைச் 'சீ' என்று கடிவதையும் திருக்குர்ஆன் (17:23) தடுக்கிறது. அவ்வசனத்திலுள்ள 'இந்தக' (உன்னிடத்தில்) என்ற சொல் கவனிக்கத்தக்கது. முதுமையில் அவர்கள் இருக்க வேண்டிய இடம் மக்களின் பக்கமே.

ஆயினும் மறதி நோய் முற்றி, நள்ளிரவில் தெருவில் இறங்கிப் போவதும் அடுப்பைத் திறந்துவிடுவதுமாக உயிருக்கே ஆபத்தாகும்போது, நல்ல இல்லத்தில் சேர்ப்பதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. ஆனால் சேர்க்குமுன் இவற்றை ஆராய்வது நம் கடமை:

1. முன்னறிவிப்பின்றி, மஃரிபுக்குப் பின் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரவில் பணியாளர் எத்தனை பேர்? முதியவர்களைக் கட்டிலோடு கட்டுகிறார்களா? தூக்க மருந்தால் அடக்குகிறார்களா?

2. குளிப்பாட்டி உடை மாற்றுவது யார்? ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் இருக்க வேண்டும். அறிவு மங்கினாலும் அவ்ரத்தின் கண்ணியம் மங்குவதில்லை.

3. உணவு ஹலாலானதா? மலஜலம் கழித்தபின் தண்ணீரால் சுத்தம் செய்கிறார்களா?

4. அறிவு அறவே நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை, வற்புறுத்தலாகாது. இடையிடையே தெளிவு பெறுபவருக்கோ அவ்வேளைத் தொழுகை கடமை. உளூச் செய்யவும் கிப்லாவை நோக்கவும் உதவ ஆளுண்டா?

5. பிள்ளைகள் நினைத்தபோது வந்து பார்க்கலாமா? தடுக்கும் இல்லம் வேண்டாம்.

செலவு அவருடைய சொத்திலிருந்து. சொத்தில்லையேல் வசதியுள்ள மக்கள் மீது கடமை.

கட்டணம் செலுத்தியதோடு பொறுப்பு தீராது. அடிக்கடி சென்று, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நம் கையால் ஒரு கவளமேனும் ஊட்டி வருவோம். வல்ல அல்லாஹ் தௌபீக் செய்வானாக! ஆமீன்.