இருதயத் தளர்ச்சியும் மெல்லிய தேகாப்பியாசமும்

இருதயத் தளர்ச்சியென்பது இருதயம் தன்றொழிலை முற்றும் ஒழித்து நின்றுவிடுதலன்று. தேகத்துக்கு வேண்டுமளவு இரத்தத்தைச் செலுத்த மாட்டாது மெலிந்து நிற்றலேயாம். அதனால் இளைப்பும், களைப்பும், கால்வீக்கமும் உண்டாகும்.

இந்நோயுடையார் படுக்கையிலேயே இருத்தல் வேண்டுமென்பது முன்னாளை வைத்தியர் கொள்கை. நம்மூர்களில் இன்றும் பலர் அவ்வாறெண்ணி, முதியோரை எழவிடாது காக்கின்றனர். அஃது அன்பினாற் செய்யும் பிழையாம். என்னை? படுத்தே கிடப்பாருடைய தசைகள் மெலியும். மெலியவே சிறு வேலையும் பெருஞ்சுமையாகும். இளைப்பு முன்னையினும் மிகும். நோய் சீர்ப்பட்ட நிலையிலுள்ளோர் முறையான அப்பியாசத்தை ஆபத்தின்றிச் செய்யலாமென்பதை, 2331 நோயாளரைக் கொண்டு நடாத்தி 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று.

ஆயினும், விரைந்து நடத்தலும் சைக்கிள் மிதித்தலும் எல்லார்க்கும் இயல்வனவல்ல. இயலாதார்க்கு உரியது யாது? சீனதேசத்துத் தாய்சீ என்னும் பயிற்சி ஒன்றுண்டு. கைகால்களை மெல்ல அசைத்து, உடற்பாரத்தை ஒரு காலினின்று மற்றைக் காலுக்கு மாற்றி, மூச்சை அவ்வசைவோடு இசைத்துச் செய்வது அது. அமெரிக்காவிலே பாஸ்டன் நகரில் 100 நோயாளருள் ஒரு பாதியார் 12 வாரம் இதனைப் பயின்றனர். மற்றையோர் சுகாதாரபாடம் மாத்திரம் கேட்டனர். 2011 இல் வெளிவந்த முடிபு இது: ஆறு நிமிஷத்தில் நடக்குந் தூரத்தில் இருசாராரிடையும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை, பயின்றாரிடத்தோ மனத்தெளிவும், தந்நம்பிக்கையும், வாழ்க்கைநலமும் மிக்கிருந்தன. ஆகவே, இதனை நோய்தீர்க்கும் மருந்தென்று புகழாதும், பயனற்றதென்று இகழாதும் உள்ளவாறு கூறுதலே நமது கடன்.

நமது யோகாசனத்துக்கும் இவ்வளவையே வைத்தல் வேண்டும். கதிரையிலிருந்தபடி செய்யும் எளிய ஆசனங்கள் பொருந்தும். தலைகீழாக நிற்றலும், மூச்சை நெடிது அடக்குதலும் இந்நோயாளர்க்கு ஆகா. நம்முடையதென்னும் பெருமிதத்தால் இதனை மறைத்தல் தீதாகும்.

மாணாக்கர்க்கு உணர்த்தற்பாலன நான்கு:

1. வைத்தியரைக் கேளாது தொடங்கலாகாது, மருந்தையும் நிறுத்தலாகாது.
2. சில நிமிஷங்களிற் றொடங்கிச் சிறிது சிறிதாக நீட்டுக.
3. செய்யும்போது தடையின்றிப் பேச இயலவேண்டும். இயலாதாயின் வேகத்தைக் குறைக்க.
4. நெஞ்சுநோவு, மயக்கம், கடும் இளைப்புத் தோன்றின் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுக. இரண்டு மூன்று நாளில் உடல்நிறை இரண்டு கிலோ ஏறினும் அவர்க்கு அறிவிக்க.

உபாத்தியாயர்களே, பாடசாலையிற் கேட்டதைப் பிள்ளைகள் வீட்டிற் சொல்வார்கள். பாட்டனாரைக் கைப்பிடித்து முற்றத்தில் மெல்ல நடத்துவிக்கும் ஒரு பிள்ளையை இப்பாடம் ஆக்குமாயின், அதுவே நமக்குப் போதிய பயனாம்.