ஆர்த்தத் தியானமும் கவலைக்கு மருந்தும்

உமாஸ்வாமி ஆச்சாரியர் அருளிய தத்வார்த்த சூத்திரத்தின் 9-ஆம் அத்தியாயம் தியானத்தை நான்காக வகுக்கின்றது. அவற்றுள் முதலாவது ஆர்த்தத் தியானம். விரும்பாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், நோயின் வேதனை, வருங்கால இன்பத்தின் மேல் வேட்கையாகிய நிதானம் ஆகிய நான்கில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மனம் ஓயாது சுழல்வதே அது.

இச்சுழற்சியை இன்றைய உளவியலாரும் ஆராய்கின்றனர். அமெரிக்காவின் தாமஸ் போர்க்கோவெக் குழுவினர் 1983-இல் ஒரு முறையை வெளியிட்டனர். நாள்தோறும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், அரைமணியைக் கவலைக்கென ஒதுக்குதல் வேண்டும். பிற வேளையில் எழும் கவலையை அந்நேரத்திற்குத் தள்ளிவைத்து, கைப்பணியில் மனத்தைச் செலுத்துதல் வேண்டும். சாமாயிகத்திற்குக் காலமும் இடமும் வரையறுக்கும் நமக்கு இந்நெறி அயலானதன்று.

இங்கிலாந்தின் எட்வர்ட் வாட்கின்ஸ் குழுவினர், மனச்சோர்வு முற்றும் நீங்காத 42 பேரிடம் நடத்திய ஆய்வை 2011-இல் வெளியிட்டனர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் 21 விழுக்காட்டினர் நலமுற்றனர். அதனுடன் சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் பெற்றோருள் 62 விழுக்காட்டினர் நலமுற்றனர். ஆய்வு சிறிதாயினும் பாடம் பெரிது. "எனக்கு ஏன் இவ்வாறு நேர்ந்தது?" என்னும் வினாவை விடுத்து, "அடுத்து எதனை எவ்வாறு செய்வது?" என வினவப் பழக்குவது அப்பயிற்சியின் ஒரு கூறாகும்.

மழை பொய்த்த ஆண்டில் வடக்கனந்தல் உழவர் ஒருவர் "நமக்கு மட்டும் ஏன்?" என்று எண்ணினால் இரவுதான் கழியும். "கிணற்று நீர் எத்தனை ஏக்கருக்குப் பாயும்?" என்னும் வினாவிற்கோ விடியலில் விடை உண்டு.

இங்கு ஒன்றை வலியுறுத்த விழைகின்றோம். ஆர்த்தத் தியானம் விலங்குகதிக்கு ஏது என்று கூறி, கவலையுற்றோரை அச்சுறுத்துவார் நம்மிடையே உளர். அது கவலையின் மேல் கவலையை ஏற்றுவதாகும். நிதானம் நீங்கலாக ஏனைய மூன்றும் பிரமத்த சம்யதராகிய முனிவர்க்கும் நேரக்கூடும் என்பது உரையாசிரியர் கருத்து. துறவிக்கும் நேர்வது இல்லறத்தார்க்கு இழுக்காகுமோ?

பன்னிரு அனுப்பிரேட்சைகளைச் சிந்திப்பது நன்று. எனினும், உறக்கமும் உணவும் கெட்டு, கவலை வாரக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரை நாடுவதே முறை. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் அரசுச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். உயிர்களுக்கு அபயம் அளிக்கும் அறம் நம் இல்லத்து உயிரிடமிருந்தே தொடங்குக.